சவுண்ட் ஹார்ன்

"ஆழ்ந்த கவனத்துக்கு பரோக் இசை." "படிக்கும்போது கேட்க பாக்." "மன அமைதிக்கு மூன்று மணி நேர பரோக்." யூட்யூபிலும் ஸ்பாடிஃபையிலும் இப்படிப்பட்ட தலைப்புகளில் பட்டியல்கள் கொட்டிக்கிடக்கின்றன. மழை பெய்யும் ஜன்னல், மெழுகுவர்த்தி, திறந்துவைத்த புத்தகம் என்று ஒரு படம். கீழே கருத்துப்பெட்டியில் யாரோ நன்றி சொல்லியிருப்பார்: "இதைக் கேட்டுத்தான் தேர்வில் பாஸ் ஆனேன்." பாஸ் ஆனவருக்கு என் வாழ்த்துகள். என் சண்டை அவரோடு இல்லை. பட்டியலைச் செய்தவரோடும், அவருக்குப் பின்னால் நிற்கிற ஒரு நம்பிக்கையோடும்தான்.

நானும் யோக்கியன் இல்லை. பல வருடம் இந்த இசையை மின்விசிறிச் சத்தம்போல ஓடவிட்டுத்தான் வேலை பார்த்திருக்கிறேன். ஒருநாள் இரவு பட்டியலில் பாக்கின் முதலாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோ வந்தது. தொடங்கிய சில நொடிகளில் ஏதோ இடறியது. யாரோ தாளம் தப்புகிறார்கள் என்று நினைத்தேன். ஒலிப்பதிவில் இப்படி ஒரு பிழையை எப்படி விட்டார்கள்? பின்னால் போய் மறுபடி கேட்டேன். இரண்டு ஹார்ன்கள், மொத்தக் குழுவோடும் ஒட்டாமல், தங்கள் பாட்டுக்கு எதையோ ஊதிக்கொண்டிருந்தன. பிழை இல்லை. அப்படித்தான் எழுதியிருக்கிறார். அன்றைக்கு வேலை கெட்டது. இப்போது யோசித்தால், அந்த இசையை நான் முதல்முறையாகக் கேட்டதே அன்றைக்குத்தான்.

நான் சொல்ல வருவது எளிது. இந்த இசைக்குள் ஒரு சச்சரவு நடக்கிறது. அதை அமைதி என்று விற்பது பொய். வாங்கிக்கொள்வது சோம்பேறித்தனம்.

*

ஹார்ன் என்றதும் நமக்கு லாரிதான் ஞாபகம் வரும். தப்பில்லை. அந்தக் காலத்திலும் அது வெட்டவெளியின் வாத்தியம்தான். வட்டமாகச் சுருட்டிய பித்தளைக் குழாய். தோளில் மாட்டிக்கொண்டு குதிரையில் போகிறவன் ஊதுவது. மான் எந்தப் பக்கம் ஓடுகிறது, நாய்களை எப்போது அவிழ்த்துவிடுவது, பிரபு வந்துவிட்டாரா என்று காட்டுக்குள் தகவல் சொல்லும் கருவி.

அது அரங்குக்குள் வந்த கதை சுவாரசியமானது. 1680களின் தொடக்கத்தில் பொஹீமியாவின் ஃபிரான்ஸ் ஆன்டன் ஃபான் ஸ்போர்க் என்ற இளம் பிரபு பிரான்சுக்குப் போகிறார். அங்கே வேட்டைக் கொம்பின் ஒலியில் மயங்கி, தன் வேலைக்காரர்கள் இருவரை அதைக் கற்றுக்கொள்ள வைக்கிறார். வென்செல் ஸ்வேடா, பீட்டர் ரோலிக். மத்திய ஐரோப்பாவின் ஹார்ன் பாரம்பரியத்தை இந்த இருவரிடமிருந்துதான் வரலாற்றாசிரியர்கள் தொடங்குகிறார்கள். அதாவது அந்த வாத்தியம் கற்றவர்கள் சீருடை போட்ட பணியாட்கள். பிரபுவோடு வேட்டைக்குப் போனார்கள், திரும்பி வந்து அதே உதடுகளால் மாளிகையில் வாசித்தார்கள். 1713ல் ஹாம்பர்கின் மாத்தசன் எழுதும்போது ஹார்ன் ஏற்கெனவே நாகரிகமாகிவிட்டது. தேவாலயத்திலும் நாடக அரங்கிலும் கூடத்திலும் அதைக் கேட்கலாம் என்கிறார். பாக்குக்கும் இந்த ஸ்போர்க்கைத் தெரியும். பின்னாளில் பி மைனர் மாஸின் ஒரு பகுதியான 'சாங்க்டஸ்' இசைத்தாள்களை அவருக்கு அனுப்பிவைத்திருக்கிறார்.

வேட்டை என்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. ஜெர்மானிய நாடுகளில் அது பிரபுக்களின் தனியுரிமை. குடியானவன் வயலை மான் மேய்ந்தாலும் அவன் அதை அடிக்கக்கூடாது. 1525ன் விவசாயிகள் எழுச்சியில் முன்வைக்கப்பட்ட பன்னிரண்டு கோரிக்கைகளில் ஒன்று நேரடியாக இதைப் பற்றியது. எழுச்சி ரத்தத்தில் முடிந்தது. பிரபுக்களின் உரிமை பாக் காலத்துக்குப் பிறகும் நீடித்தது. ஆக, அந்தக் கொம்புச் சத்தத்தைக் கேட்கிற காது யாருடையது என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறும். மாளிகைக்கு அது கொண்டாட்டம். வயலில் நின்றவனுக்கு, நாளைக்குப் பயிர் மிஞ்சுமா என்கிற கேள்வி.

இப்படிப்பட்ட இரண்டு கொம்புகளைத்தான் பாக் கூட்டிக்கொண்டு வருகிறார். கூடவே மூன்று ஓபோக்கள், ஒரு பஸூன். ஓபோவும் பஸூனும் இரட்டைச் சீவாளி வைத்து ஊதுபவை, நம் நாதஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம். பிறகு வழக்கமான தந்திக் கூட்டம், ஹார்ப்சிகார்ட். எல்லோருக்கும் முன்னால் தனி வாத்தியமாக ஒரு சின்ன வயலின். அதைப் பற்றிப் பிறகு.

அந்தக் காலத்து ஹார்னில் வால்வு கிடையாது. வால்வு 19ஆம் நூற்றாண்டின் சமாசாரம். குழாயின் நீளம் எந்தச் சுரங்களைத் தருகிறதோ அவை மட்டும்தான். உதட்டின் இறுக்கமும் மூச்சும்தான் கருவி. கீழே சுரங்களுக்கு இடையே பெரிய பெரிய பள்ளங்கள். மேலே போகப்போகத்தான் அவை நெருங்கி வந்து ஒரு மெட்டு வாசிக்க வழி கிடைக்கும். அங்கேயும் சிக்கல். பதினோராவது ஒத்திசைச் சுரம் சுத்த மத்தியமமும் இல்லை, பிரதி மத்தியமமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். உதட்டாலேயே அதை மேலேயோ கீழேயோ இழுக்கவேண்டும். கொஞ்சம் அசந்தால் ஊரே கேட்கும். இந்த வாத்தியத்தை வாசிப்பவன் அமைதியாக இருக்க வழியே இல்லை.

*

முதல் பகுதியில் என்ன நடக்கிறது? தந்திகளும் ஓபோக்களும் ஒவ்வொரு அடியையும் நான்காகப் பிரித்து ஓடுகின்றன. நம் கணக்கில் சதுஸ்ரம். ஹார்ன்கள் வேட்டைக்கார அழைப்பை ஊதிக்கொண்டு நுழைகின்றன. அவை அதே அடியை மூன்றாகப் பிரிக்கின்றன. திஸ்ரம். நான்குக்கு எதிராக மூன்று. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த உராய்வு தெரியும். ஆனால் தனி ஆவர்த்தனத்தில் அது கணக்கின் அழகு. எப்போது சமத்துக்கு வந்து சேரும் என்று காத்திருப்போம். இங்கே அந்த உத்தரவாதம் இல்லை. வேறொரு கூட்டத்துக்காகச் செய்யப்பட்ட சத்தம் இந்தக் கூடத்துக்குள் வந்துவிட்டது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றவில்லை. உள்ளே இருப்பவர்கள் பார்க்காததுபோல வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

போகப்போக ஹார்ன்களும் மற்றவர்களின் பதினாறாம் பங்குச் சுரங்களை எடுத்துக்கொள்கின்றன. பொதுமொழியில் பேசத் தொடங்குகின்றன. காட்டில் ஊதப் பழகிய குழாயால் வயலின்காரன் மெட்டை வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அதை வாசிப்பவனுக்குத்தான் தெரியும். மைக்கேல் மாரிசன் என்ற ஆய்வாளர் 1995ல் வந்த தன் நூலில் இந்த ஆறு கான்செர்ட்டோக்களையும் சமூகப் படிநிலையின் கண்ணால் வாசிக்கிறார். ஹார்ன்கள் கூட்டத்துக்குள் கரைவதும், தனி வாத்தியம் என்று பெயர் வாங்கிய சின்ன வயலின் தலைமை ஏற்க முடியாமல் தவிப்பதும் அவருக்கு முக்கியம். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு சமூக வேடம் கட்டிவிட்டால் இசை தெருக்கூத்துப் பாத்திரப் பட்டியல் ஆகிவிடும். ஆனால் அவர் ஒன்றைச் செய்தார். காதைத் திறந்து வைத்தார். அந்த உராய்வு உரசுகிறது என்று சொன்னார். பட்டியல்காரர்கள் அதைத்தான் துடைத்து மெழுகுகிறார்கள்.

பழைய வாத்தியங்களோடு இதை வாசிக்கும் குழுக்கள் பல இன்று உண்டு. 1964ல் ஹார்னன்கோர்ட் தன் கான்சென்டஸ் மியூசிகஸ் குழுவோடு செய்த பதிவு அதில் முன்னோடி. அதில் ஹார்ன் கரகரக்கும், பிசிறடிக்கும். மெழுகுவர்த்திப் பட்டியல்களில் அந்த மாதிரிப் பதிவுகள் கண்ணில் படுவது அபூர்வம். ஹார்னைப் பின்னால் தள்ளி, எல்லாவற்றையும் ஒரே வழவழப்பில் வைத்த பதிவுகள்தான் வருகின்றன.

*

இந்த "பரோக் கேட்டால் மூளை வேலை செய்யும்" கதை எங்கிருந்து வந்தது? ஒரு கிளை, 1979ல் ஷீலா ஆஸ்ட்ராண்டரும் லின் ஷ்ரோடரும் வெளியிட்ட 'சூப்பர்லேர்னிங்' என்ற புத்தகம். பல்கேரியாவின் லோசனோவ் என்பவரின் கற்பித்தல் முறையை எடுத்து, பரோக் கான்செர்ட்டோக்களின் மெதுவான பகுதிகள், நிமிடத்துக்கு சுமார் அறுபது துடிப்பு, அதைக் கேட்டுக்கொண்டே மனப்பாடம் செய்தால் ஏறும் என்று பரப்பினார்கள். இன்னொரு கிளை 1993ல் 'நேச்சர்' இதழில் வந்த சிறு கட்டுரை. முப்பத்தாறு கல்லூரி மாணவர்களுக்கு மொசார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டா ஒன்றைப் பத்து நிமிடம் போட்டுக்காட்டினார்கள். வெளிசார்ந்த அறிவுச் சோதனை ஒன்றில் மதிப்பெண் கொஞ்சம் கூடியது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்த விளைவும் போய்விட்டது. கட்டுரை அவ்வளவுதான் சொன்னது. குழந்தைகள் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பரோக் பற்றியும் இல்லை. அதற்குள் 'மொசார்ட் விளைவு' என்று பெயர் வைத்து, கர்ப்பிணிகளுக்கு சிடி விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

சரி, மெதுவான பகுதிதான் மருந்து என்கிறார்கள் அல்லவா? இதே கான்செர்ட்டோவின் மெதுவான பகுதியைக் கேளுங்கள். ஹார்ன்கள் வாயை மூடிக்கொள்கின்றன. டி மைனர். ஓபோ ஒரு புலம்பலை எடுக்கிறது. சின்ன வயலின் அதை வாங்கிக்கொள்கிறது. பிறகு அதே மெட்டு கீழே, பாஸ் வாத்தியங்களுக்கு இறங்குகிறது. அந்த நேரத்தில் மேலே நிற்கும் சுரமும் கீழே வரும் சுரமும் ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன. ஒரே சுரத்தின் இயல்பான வடிவமும் இறக்கிய வடிவமும் பக்கத்துப் பக்கத்தில் நின்று முறைத்துக்கொள்ளும் இடங்கள் அவை. இன்றைக்குக் கேட்டாலும் காது கூசும். முடிவிலோ இன்னும் விநோதம். பாஸ், ஓபோக்கள், தந்திகள் என்று ஒவ்வொரு கூட்டமும் தனித்தனியாக ஒரு அடி வைத்துவிட்டு நிறுத்துகிறது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் முடிக்கவில்லை. பதில் வராத கேள்விபோல அந்தரத்தில் நின்றுவிடுகிறது. இதைக் கேட்டுக்கொண்டு வாய்ப்பாடு மனப்பாடம் செய்யச் சொல்கிறவர் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பாரா?

*

இலக்கியப் பக்கமிருந்து வருகிற இன்னொரு கூட்டமும் உண்டு. இவர்கள் பட்டியல் கேட்க மாட்டார்கள். பாக் என்றால் கணிதம், பாக் என்றால் பிரபஞ்ச ஒழுங்கு, பாக் என்றால் கடவுளின் குரல் என்று பேசுவார்கள். தமிழில் நம்மில் பலர் பாக்கிடம் வந்து சேர்ந்த வழி இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'. 1986ல் வந்த அந்த இசைத்தொகுப்பு தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. அது ஒரு சக கலைஞனின் மரியாதை. பாக்கை வீட்டுக்கு வந்த விருந்தாளியாக உட்காரவைத்து, அவரோடு பேசிப் பார்க்கிற துணிச்சல் அதில் இருந்தது. நாம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது பூஜையறைப் படத்தை மட்டும்.

இந்த மகானின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம். 1717ல் வைமர் பிரபுவிடம் வேலையில் இருக்கிறார். கோதன் இளவரசர் லியோபோல்ட் கூப்பிடுகிறார். போகிறேன் என்று பாக் கேட்கிறார், விடமாட்டேன் என்கிறார்கள். விடாமல் அடம் பிடிக்கிறார். நவம்பர் 6ஆம் தேதி பிடித்து உள்ளே போடுகிறார்கள். டிசம்பர் 2 வரை காவல். பிறகு மரியாதை இல்லாமல் வெளியே அனுப்புகிறார்கள். வேலையை விடுகிறேன் என்று சொன்னதற்குச் சிறை. 1720 கோடையில் லியோபோல்டோடு கார்ல்ஸ்பாட் போய்விட்டுத் திரும்பினால், மனைவி மரியா பார்பரா இறந்து, அடக்கமும் முடிந்திருக்கிறது. அடுத்த வருடம் மார்ச் 24 தேதியிட்டு, பணிவான பிரெஞ்சில் ஒரு சமர்ப்பணம் எழுதி, ஆறு கான்செர்ட்டோக்களை அழகான கையெழுத்தில் பிரதி செய்து பெர்லினிலிருந்த மார்கிரேவ் கிறிஸ்டியன் லூட்விக்குக்கு அனுப்புகிறார். அதில் முதலாவதுதான் நாம் பேசிக்கொண்டிருப்பது. மார்கிரேவ் பதில் போட்டதற்கோ, பணம் கொடுத்ததற்கோ, அதை வாசிக்கவைத்ததற்கோ சான்று இல்லை. அச்சில் வந்தது 1850ல். பிராண்டன்பர்க் என்ற பெயர்கூட 1873ல் ஸ்பிட்டா என்ற வரலாற்றாசிரியர் வைத்தது.

பிரபஞ்ச ஒழுங்கைப் பற்றிப் பேசுகிறவர்கள், இந்த ஒழுங்கின் கீழ் யார் எங்கே நின்றார்கள் என்றும் சொல்லவேண்டும். பாக் ஒழுங்கை நம்பினார், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒழுங்குக்குள் வேலைக்காரனாக இருந்தார். ஒழுங்கு எங்கே இறுக்குகிறது என்று உடம்பால் அறிந்தவர். அவர் எழுதிய ஒழுங்கில் உரசல் கேட்கிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

*

சின்ன வயலினுக்கு வருகிறேன். வயலினோ பிக்கோலோ. சாதாரண வயலினைவிட மூன்று அரைச்சுரம் மேலே சுருதி சேர்ப்பது. குரல் மெலிசு, கூர்மை. இதே காலத்தில் விவால்டியும் தனி வயலின், இரண்டு ஹார்ன், இரண்டு ஓபோ, பஸூன் என்ற கூட்டணியில் எஃப் மேஜரில் கான்செர்ட்டோக்கள் எழுதியிருக்கிறார். ஆர்வி 569 ஒன்று. அங்கே வயலின்தான் ராஜா. அது வாய் திறந்தால் கூட்டம் விலகி நிற்கும். அந்த பாணி ஜெர்மனியில் பரவியிருந்தது. டிரெஸ்டனின் பிசெண்டல் வெனிஸுக்கே போய் விவால்டியிடம் கற்று வந்தவர். பாக்கும் விவால்டியைக் கரைத்துக் குடித்தவர். ஆக, ராஜா வேஷம் எப்படிக் கட்டுவது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அப்படியிருந்தும் இங்கே வயலினுக்கு அந்த வேஷம் கிடைக்கவில்லை. முதல் பகுதியில் அது பெரும்பாலும் முதல் வயலின்களோடு ஒட்டிக்கொண்டு போகிறது. தனி வாத்தியம் என்று தலைப்பில் பார்த்திராவிட்டால் தெரியவே தெரியாது. இந்தப் படைப்புக்கு முந்தைய வடிவம் ஒன்று இருக்கிறது. 1713ல் வைசன்ஃபெல்ஸின் கிறிஸ்டியன் பிரபுவின் பிறந்தநாளுக்கு எழுதிய வேட்டைக் கான்டாட்டாவுக்கு முன்னிசையாக இருந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அதில் சின்ன வயலினும் இல்லை, மூன்றாம் பகுதியும் இல்லை. வெளியாள் என்று நாம் நினைத்த ஹார்ன்கள்தான் பழைய குடிகள். ராஜா என்று அறிவிக்கப்பட்ட வயலின் பின்னால் வந்து சேர்ந்தது.

மூன்றாம் பகுதியில்தான் அதற்கு வாய்ப்பு. துள்ளி ஓடும் 6/8. வயலின் இரண்டு மூன்று தந்திகளை ஒரே வீச்சில் இழுத்து, இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டிக்கொள்கிறது. ஹார்ன் குறுக்கே வருகிறது. மூன்றில் இரண்டு பங்கு கடந்ததும், எதிர்பாராமல், எல்லாம் நின்றுவிடுகிறது. இரண்டே பார்களுக்கு மந்தகதி. பிறகு ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஓட்டம். இத்தோடு முடிந்தது என்று எழுந்தால், இன்னும் இருக்கிறது. ஒரு மினுவெட். நடுவே இரண்டு ஓபோவுக்கும் பஸூனுக்கும் ஒன்று, தந்திகளுக்கு ஒரு போலந்து நடனம், ஹார்ன்களுக்கும் ஓபோக்களுக்கும் ஒன்று. ஒவ்வொரு கூட்டத்துக்கும் மேடை கிடைக்கிறது. சின்ன வயலினுக்கு மட்டும் தனியாக ஒன்றும் இல்லை. கதாநாயகன் கடைசிக் காட்சியில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறான்.

1726ல் லைப்சிக்கில் பாக் இந்த மூன்றாம் பகுதியை எடுத்து, ஒரு பேராசிரியர் பதவியேற்புக்கான கான்டாட்டாவின் தொடக்கக் கோரஸாக மாற்றினார். ஹார்ன் போய் எக்காளம் வந்தது. அந்தக் கான்டாட்டாவின் தலைப்பிலேயே 'பிணக்கு' என்ற சொல் இருக்கிறது. ஒன்றுசேர்ந்த பிணக்கு என்கிற பொருளில். அதே ஆண்டு முதல் பகுதியை இன்னொரு கான்டாட்டாவுக்கு வாசலாக வைத்தார். அது பொய்யான உலகத்தை நம்பமாட்டேன் என்று தொடங்குவது. இந்த இசை எதற்குப் பொருந்தும் என்று அதைச் செய்தவருக்கே தோன்றிய இடங்கள் இவை. மனஅமைதிப் பட்டியல் அதில் இல்லை.

*

எனக்கு எதிரான வலுவான வாதம் ஒன்று உண்டு. நானே சொல்லிவிடுகிறேன். "அந்தக் காலத்திலும் இது பின்னணி இசைதானே? பிரபுக்கள் சாப்பிட்டார்கள், சீட்டாடினார்கள், மூலையில் நாலு பேர் வாசித்தார்கள். நீ என்ன புதுசாகப் பொங்குகிறாய்?"

உண்மைதான். விருந்துக்கான இசை என்று ஒரு வகையே இருந்தது. ஆனால் யாருக்குப் பின்னணி? சாப்பிட்டவருக்கு. ஊதியவனுக்கு இல்லை. பதினோராவது சுரத்தை உதட்டால் இழுத்துப் பிடித்தவனுக்கு இல்லை. இரவெல்லாம் பிரதி எடுத்தவனுக்கு இல்லை. ஒரே அறையில் இரண்டு காதுகள் இருந்தன. நாம் எந்தக் காதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

பட்டியல்கள் நம் எல்லோரையும் குட்டி மார்கிரேவ்கள் ஆக்குகின்றன. கேட்காமலே வைத்திருக்கிற மார்கிரேவ்கள். இதில் கொடுமை என்னவென்றால், நமக்கு மாளிகையும் இல்லை. இரவு பதினொரு மணிக்கு யாருடைய கெடுவுக்காகவோ லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். இன்னும் கொஞ்சம் அதிகமாக உழைப்பதற்கு இந்த இசையை எண்ணெய்போல ஊற்றிக்கொள்கிறோம். பிழைப்பு ஸ்வேடாவுடையது, காது பிரபுவுடையது. இதைவிட மோசமான பேரம் இருக்க முடியாது.

வேலை செய்யும்போது இசையே கேட்காதே என்று நான் சொல்லவில்லை. மழைச் சத்தம் போடுங்கள், தப்பே இல்லை. மழைக்கு யாரும் சிறைக்குப் போகவில்லை. இந்த கான்செர்ட்டோ மொத்தமே இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் பகுதி நான்கு நிமிடம். ஹார்ன் கரகரக்கிற ஒரு பதிவாகத் தேடி, கையில் வேறு வேலை இல்லாமல், அந்த நான்கு நிமிடத்தைக் கேளுங்கள். தாளத்தைத் தட்டிப் பாருங்கள். நாலாகத் தட்டினால் ஹார்னோடு முட்டும். மூன்றாகத் தட்டினால் மற்ற எல்லோரோடும் முட்டும். உங்கள் கை எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள்.

என் கை இன்றுவரை தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறது. அன்று இரவு கெட்ட வேலையை மறுநாள் முடித்துக் கொடுத்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.